எந்த நம்பர் வந்தாலும் "சதி" என்பவர்களிடம் எப்படிப் பேசுவது?

கொருக்குப்பேட்டை_கேட் கேட்டது:

எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல எல்லாக் கட்சிக்காரங்களும் இருக்காங்க. தண்ணி லாரி, கரண்ட் கட், ரயில்வே கேட் எப்போ திறப்பாங்கன்னு பேச ஆரம்பிச்ச குரூப். தேர்தல் பேச்சு வந்தா மட்டும் செக்குமாடு மாதிரி ஒரே சுத்து.

உதாரணம் ஒண்ணு. 2024 ஏப்ரல் 19 ராத்திரி 7 மணிக்குத் தமிழ்நாட்டுல 72.09 சதவீதம் ஓட்டுப் பதிவுன்னு சொன்னாங்க. விடியறதுக்குள்ள அது 69.46 ஆச்சு. வடசென்னைக்கு 69-ஐ ஒட்டிச் சொன்னது 60-க்கு இறங்குச்சு. "மீதி ஓட்டை யார் அழிச்சாங்க?"ன்னு கேட்டாங்க. அதே முதல் கட்டத்துக்கு நாடு முழுக்க அன்னிக்கு சாயந்திரம் 60-க்கு மேலன்னு சொல்லிட்டு, ஏப்ரல் 30-ல 66.14-ன்னு அறிவிச்சாங்க. அதுக்கு "ஓட்டை உள்ள தள்ளிட்டாங்க"ன்னு சொன்னாங்க. ரெண்டையும் சொன்னது அதே ஆளுங்கதான்.

ஆதாரம் கேட்டா "ஆதாரம் விட்டுட்டுப் போக அவங்க என்ன முட்டாளா?"ன்னு பதில் வருது. இந்த வாதத்துல ஓட்டை எங்க இருக்கு? அக்கம்பக்கத்து ஆளுங்க, கோவிச்சுக்காம எப்படிச் சொல்றது? சந்தேகமே படக்கூடாதுன்னும் நான் சொல்ல வரல.

பழைய_பூத்_ஏஜென்ட்:

முதல்ல இந்த 72.09 என்னன்னு பிரிச்சுடுவோம். பாதிச் சண்டை அதுலயே அடங்கிடும்.

அன்னிக்கு ரெண்டு கணக்கு தனித்தனியா ஓடுது. ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூத்ல இருந்து மேல போற தோராய நிலவரம். போன்லயும் செயலியிலயும் ஏத்துவாங்க, எல்லா பூத்தும் நேரத்துக்கு ஏத்தாது. ஏத்தின பூத்தோட சராசரியை வச்சு மொத்தத்துக்கும் ஒரு சதவீதம் சொன்னா, கூட்டம் குறைவான பூத் பின்னாடி வந்து சேரும்போது எண் இறங்கும். 6 மணிக்கு வரிசையில நிக்கிறவங்களுக்கு டோக்கன் கொடுத்து அதுக்கப்புறமும் ஓட்டுப் போட விடுவாங்க. அந்தக் கணக்கு தாமதமா வந்தா எண் ஏறும். ஏறினதும் இறங்கினதும் இந்த தோராயக் கணக்குல மட்டும்தான்.

ரெண்டாவது கணக்கு படிவம் 17சி. ஓட்டுப் பதிவு முடிஞ்சதும் தலைமை அலுவலர் கண்ட்ரோல் யூனிட்ல (ஓட்டெல்லாம் பதிவாகிற பெட்டி) "குளோஸ்" பட்டனை அமுக்கி, மொத்தத்தைப் பார்த்து இதுல எழுதுவார். கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட் (பட்டன் இருக்கிற பெட்டி), விவிபேட் (யாருக்குப் போட்டோம்னு சீட்டு அச்சடிச்சுக் காட்டற மிஷின்) வரிசை எண், 17ஏ பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவங்க எத்தனை, போடாம திரும்பினவங்க எத்தனை, மிஷின்ல பதிவான மொத்தம், பேப்பர் சீல் நம்பர் எல்லாம் அந்தத் தாள்ல இருக்கும். அங்க இருக்கிற எல்லாக் கட்சி ஏஜென்டுக்கும் நகல் கிடைக்கும். எண்ணிக்கை அன்னிக்கு மேசையில உட்கார்ற ஏஜென்ட் செய்யவேண்டிய முதல் வேலை, மிஷின் வரிசை எண்ணையும் மொத்தத்தையும் கையில இருக்கிற நகலோட ஒப்பிடறது. கடைசியில பூத் வாரியா யாருக்கு எத்தனை ஓட்டுன்னு காட்டற படிவம் 20 வரும். அது பொதுவுல கிடைக்கும்.

அதனால "வடசென்னையில ஓட்டைக் காணோம்"னு ஒருத்தர் சொன்னா சண்டைக்குப் போகாதீங்க. எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்த பூத், 17சி-ல எத்தனை, 20-ல எத்தனைன்னு மட்டும் கேளுங்க. திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம்னு ஆறு தொகுதி. ஒரு பூத் காட்டினா போதும். ஆளுக்கு ஆள் எதிரியான எல்லாக் கட்சி ஏஜென்ட் கையிலயும் நகல் இருக்கிற ஒரு எண்ணை மாத்தணும்னா, அந்த எல்லாரும் வாயை மூடிக்கணும்.

நிஜமாவே எண் இடிக்கிற பூத் இருக்கா? இருக்கு. காலையில மாதிரி ஓட்டுப் பதிவுன்னு குறைஞ்சது 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழிச்சுட்டுத்தான் நிஜ ஓட்டை ஆரம்பிக்கணும். குளோஸ், ரிசல்ட், கிளியர். எங்க ஆளுங்க சுருக்கமா சி.ஆர்.சி.ன்னு சொல்லுவோம். அவசரத்துல "கிளியர்" பண்ண மறந்துட்டா அந்த 50-ம் சேர்ந்து நிக்கும், 17ஏ-க்கும் மிஷினுக்கும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட மிஷினைத் தனியா எடுத்து வச்சுடுவாங்க. 2024 தேர்தல்ல இருந்த விதிப்படி, ஜெயிச்சவர் வித்தியாசம் அந்த பூத் ஓட்டை விடப் பெருசா இருந்தா பிரச்சினை இல்ல, இல்லேன்னா விவிபேட் சீட்டை எண்ணணும். இந்த விஷயம் தெரியாதவருக்கு அது சதி. தெரிஞ்சவருக்கு அது தூக்கக் கலக்கத்துல இருந்த ஒரு வாத்தியார்.

புளியந்தோப்பு_புள்ளி:

ஏஜென்ட் சொன்னது விவரம். கேள்வியில் கேட்ட "வாதத்தில் ஓட்டை" வேறு இடத்தில் இருக்கிறது.

எண் இறங்கினால் அழித்தார்கள், ஏறினால் திணித்தார்கள். மாறாமல் அப்படியே நின்றிருந்தால்? "முன்கூட்டியே எழுதி வைத்த எண்" என்றிருப்பார்கள். என்ன நடந்தாலும் ஒரே முடிவுதான் வருகிறது என்றால், அந்த முடிவுக்கு நடந்தவற்றோடு தொடர்பே இல்லை. ஒரு தகவல் சான்றாக வேண்டுமானால், சதி நடந்திருந்தால் அது தெரிவதற்கும் நடக்காவிட்டால் அதுவே தெரிவதற்கும் உள்ள வாய்ப்பு வேறுபட வேண்டும். சதியே இல்லாவிட்டாலும் 7 மணி எண்ணும் இரவு எண்ணும் வேறுபடும். ஆகவே "வேறுபட்டது" என்பதற்கு எடை சைபர்.

"ஆதாரம் இல்லாததே ஆதாரம்" என்பதும் இதே வகை. ஆதாரம் கிடைத்தால் நிரூபணம், கிடைக்காவிட்டால் அவர்களுடைய சாமர்த்தியம். ஒரு விதத்திலும் தோற்க முடியாதபடி பந்தயம் கட்டியிருக்கிறார். கோபப்படாமல் இதை ஒரே கேள்வியாகக் கேட்கலாம்: "சதி நடக்கவில்லை என்றால் என்ன தெரிந்திருக்கும்?" பதில் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது வீடியோ. பட்டன் வேலை செய்யவில்லை, விவிபேட் சிக்கிக்கொண்டது என்று பத்து வீடியோ வருகிறது. 1,000 பூத் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒரு இயந்திரம் மக்கர் செய்தாலே பத்து பூத். பத்திலும் யாராவது செல்போனோடு நிற்பார். ஒழுங்காக ஓடிய 990 பூத்தை எவரும் படம் பிடிப்பதில்லை. பத்து வீடியோவும் உண்மையாக இருக்கலாம், அதிலிருந்து எடுத்த முடிவு தவறாக இருக்கலாம். பழுதான பூத்கள் ஒரு கட்சி பலமாக உள்ள பகுதிகளில் மட்டும் குவிந்திருக்கின்றனவா என்பதுதான் உருப்படியான கேள்வி. அதற்குப் பழைய தேர்தலின் படிவம் 20-ஐ எடுத்து அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்து காட்டும் ஃபார்வர்டு வந்தால் நானே உட்கார்ந்து படிப்பேன்.

மூன்றாவது, ஒன்றையொன்று இடிக்கும் கதைகளை ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வது. தொழிற்சாலையிலேயே சிப் வைத்தாகிவிட்டது என்கிறார், வாக்குப்பதிவு முடிந்த மிஷின்களைப் பூட்டி வைக்கும் ஸ்ட்ராங் ரூமில் மிஷினை மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்கிறார். சிப் வைத்தவன் எதற்கு மிஷினை மாற்ற வேண்டும்? இங்கிலாந்து இளவரசி டயானா கொலை செய்யப்பட்டார் என்று நம்புவோர் அவர் சாகவே இல்லை என்றும் நம்பும் சாய்வு கொண்டவர்கள் என்று 2012-ல் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கதை முக்கியமில்லை, "அவர்கள் ஏதோ மறைக்கிறார்கள்" என்ற மேல்நம்பிக்கைதான் முக்கியம் என்பது அவர்கள் விளக்கம்.

மூலக்கொத்தளம்_மாமு:

இன்னாபா இவ்ளோ நீட்டி முழக்கிக்கினு. தன் கட்சி ஜெயிச்சா நல்ல மிஷின், தோத்தா டுபாக்கூர் மிஷின், மேட்டர் ஓவர். ஆர்.கே. நகர்ல 2017 டிசம்பர் இடைத்தேர்தல்ல ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டையும் தள்ளிட்டு குக்கர் சின்னத்துல ஒரு சுயேச்சை ஜெயிச்சாரு. அப்போ மிஷினுக்கு சிப் வச்சது யாருன்னு கேளு, வாய் மூடிக்குவான்.

எண்ணூர்_முகத்துவாரம்:

மூட மாட்டான் மாமு. "நம்பிக்கை வரட்டும்னு ஒண்ணு ரெண்டு விட்டுக்கொடுப்பாங்க"ன்னு சொல்லுவான். புள்ளி சொன்ன அதே நோய், எந்த எதிர் உதாரணத்தையும் விழுங்கிடும். கைதட்டல் கிடைக்கும், மனசு மாறாது.

ஆனா அந்தத் தேர்தலை வேற விதத்துல பயன்படுத்தலாம். 59 வேட்பாளர், நோட்டாவோட 60. ஒரு பேலட் யூனிட்டுல 16 பட்டன், ஆக நாலு யூனிட் தேவை. பெயர் வரிசை வேட்புமனு வாபஸ் முடிஞ்சப்புறம்தான் தெரியும்: அங்கீகரிக்கப்பட்ட கட்சி, பதிவு மட்டும் பண்ண கட்சி, சுயேச்சைன்னு மூணு பிரிவு, ஒவ்வொண்ணுலயும் அகர வரிசை. எந்த மிஷின் எந்தத் தொகுதிக்கு, எந்த பூத்துக்குன்னு ரெண்டு தடவை குலுக்கல் முறையில பிரிப்பாங்க. பெங்களூருலயோ ஹைதராபாத்துலயோ தயாரிக்கும்போது எந்த மிஷின்ல எத்தனையாவது பட்டன் யாருக்குன்னு எவனுக்கும் தெரியாது. "ஃபேக்டரி சிப்" கதையோட நடுமுதுகு இங்கதான் முறியுது. எப்படி வேலை செய்யும்னு படிப்படியா சொல்லச் சொன்னா, சொல்ற ஆளே இந்த இடத்துல திணறுவார்.

இங்க நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். கண்ட்ரோல் யூனிட்டுக்குத்தான் கட்சி தெரியாது. விவிபேட்டுக்குத் தெரியும். பெயரும் சின்னமும் அதுல ஏத்தப்படுது, வாபஸ் முடிஞ்சப்புறம், சின்னம் ஏத்தற தனிக் கருவி வழியா. விஷயம் தெரிஞ்ச விமர்சகர்கள் கை வச்ச இடம் இதுதான். 2024 ஏப்ரல் 26 தீர்ப்புல உச்ச நீதிமன்றம் எல்லா விவிபேட் சீட்டையும் எண்ணணும்ங்கிற கோரிக்கையை ஏத்துக்கல. ஆனா அந்தச் சின்னம் ஏத்தற கருவியை முத்திரை வச்சு, முடிவு வந்து 45 நாள் பாதுகாக்கணும்னு சொல்லுச்சு. ரெண்டாவது, மூணாவது வந்த வேட்பாளர் 7 நாளுக்குள்ள எழுதிக் கேட்டா ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத மிஷினோட நினைவகத்தைச் சோதிக்கலாம்னும் சொல்லுச்சு. சீட்டு எண்ணுறதுக்கு 2019 உத்தரவுப்படி தொகுதிக்கு 5 பூத். வடசென்னைக்கு ஆறஞ்சு முப்பது. முப்பது போதுமான்னு கேக்கறது புள்ளியியல் கேள்வி, சதிக்கதை இல்ல. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க.

புள்ளி சொன்ன 2012 ஆய்வுக்கும் ஒரு திருத்தம். 2023-ல வேற குழு அதைத் திருப்பிப் பார்த்துச்சு. ரெண்டு கதையையும் நம்பாத கூட்டம் பெருசா இருந்ததாலதான் அந்தத் தொடர்பு வந்துச்சு, அவங்களை விலக்கிப் பார்த்தா டயானா கொலைன்னு நம்பறவர் அவர் உயிரோட இருக்கார்னு நம்பறதில்லன்னு எழுதினாங்க. அதனால "நீங்க ரெண்டையும் நம்பறீங்க"ன்னு எதிராளியைக் குத்தாதீங்க. பெரும்பாலும் அவர் எதையும் முழுசா நம்பல, அதிகாரபூர்வமா வந்ததை மட்டும் நம்ப மறுக்கிறார்.

எங்க பக்கத்து ஆளுங்க ஏன் மறுக்கறாங்கன்னும் பாருங்க. 2017 ஜனவரி 28 விடிகாலையில காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதுச்சு. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லன்னுதான் முதல்ல அறிவிப்பு வந்துச்சு. ரெண்டு நாள்ல எர்ணாவூர் கரையில முட்டியளவு கருப்பு எண்ணெய்ச் சேறு, ஆளுங்க வாளியில அள்ளினாங்க. "மறைக்கிறாங்க"ன்னு சொன்ன மீனவர் சொன்னது சரி. இதைச் சொல்லாம "அரசாங்கம் ஏன் பொய் சொல்லப்போகுது?"ன்னு ஆரம்பிச்சா, காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் ஒருத்தரும் காது கொடுக்க மாட்டாங்க.

ஆனா அது எப்படி வெளிய வந்துச்சுன்னும் பாருங்க. இடம் தெரியும், தேதி தெரியும், கையில அள்ளி பாட்டில்ல போட்டு சோதனைக்கு அனுப்பலாம். பேர் வெளிய தெரியாம கட்சிக்குப் பணம் கொடுக்க வச்சிருந்த தேர்தல் பத்திரமும் அப்படித்தான். வருஷக்கணக்கா வழக்கு நடத்தினாங்க, 2024 பிப்ரவரி 15-ல ரத்து ஆச்சு, மார்ச்சுல யார் வாங்கினாங்க, எந்தக் கட்சி பணமாக்குச்சுன்னு பட்டியலே வந்துச்சு. நிஜமான மறைப்பைத் தேடினவங்க கேட்டது காகிதத்தை. காகிதம் வந்ததும் "இதுவும் போலி"ன்னு யாரும் சொல்லல.

திருவொற்றியூர்_நைட்_ஷிப்ட்:

வாதம் போதும், அட்மின் வேலைக்கு வர்றேன்.

ஃபார்வர்டு மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா அது அஞ்சு கை தாண்டி வந்த சரக்கு. 2020 ஏப்ரல்ல இருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு மேல அனுப்ப வாட்ஸ்அப் விடாது. அதனால ஆளுங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதுசா போடறாங்க, அம்புக்குறி காணாமப் போயிடும். "சொந்த வார்த்தையில எழுதுங்க, தேதியும் ஊரும் போடுங்க"ன்னு ஒரே ஒரு விதி வச்சா பாதி சரக்கு உள்ளயே வராது. கட்சிக்குக் கட்சி மாறாம எல்லாருக்கும் அந்த விதி. அட்மின் தன் கட்சிக்காரர் போட்டதை விட்டு வச்சார்னா அன்னியோட விதி செத்துச்சு.

ஒரு பதிவுல பத்து குற்றச்சாட்டு இருக்கும். பத்துக்கும் பதில் சொல்ல உட்காராதீங்க, நீங்க ரெண்டாவதுல இருக்கும்போது அவர் பதினொண்ணு போட்டிருப்பார். "இதுல உங்களுக்கு ரொம்ப உறுதியாத் தெரியறது எது? அதை மட்டும் எடுப்போம்"னு கேளுங்க. அவர் தேர்ந்தெடுத்ததை மட்டும் எடுங்க, அது முடியாம அடுத்ததுக்கு நகர விடாதீங்க. 2016-ல 2,000 ரூபாய் நோட்டுல சிப் இருக்கு, 120 மீட்டர் கீழ புதைச்சாலும் காட்டிக்கொடுக்கும்னு பரவுச்சு ஞாபகம் இருக்கா? ரிசர்வ் வங்கி மறுத்துச்சு, 2023 மே மாசம் நோட்டையே திரும்பப் பெறறதா அறிவிச்சுட்டாங்க, பரப்பினவங்க ஒருத்தரும் "அது தப்பு"ன்னு எழுதல. பழைய கதைக்குக் கணக்கு முடிக்காம புதுக் கதைக்குத் தாவறதுதான் இந்தப் பேச்சோட உயிர்நாடி.

பதில் எழுதும்போது உண்மையை முதல் வரியில போடுங்க. பொய்யை ஒரே தடவை, "இப்படி ஒரு பேச்சு இருக்கு"ன்னு சொல்லி, உடனே ஏன் தப்புன்னு சொல்லுங்க. பொய்யையே தலைப்பா போட்டு மறுத்தா, ஸ்க்ரோல் பண்றவர் மனசுல தலைப்பு மட்டும்தான் நிக்கும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா உண்மை மாதிரி படும்னு 1977-லயே சோதிச்சிருக்காங்க. இந்த ஏப்ரல் 19 விஷயத்துக்கு நான் எழுதறதா இருந்தா: "ஓட்டை எண்ணுறது மிஷின் மொத்தத்தையும் 17சி-யையும் வச்சு. 7 மணிக்கு வந்த 72.09 சில பூத் தகவலை வச்சுப் போட்ட தோராயம், அதனால இறங்குச்சு. உங்க பூத் நம்பர் சொல்லுங்க, படிவம் 20-ல சேர்ந்தே பார்ப்போம்." இவ்ளோதான். "அறிவு இருக்கா", "மூளைச்சலவை" எல்லாம் வேண்டாம். "சேர்ந்தே பார்ப்போம்" போடுங்க.

ஆதாரம் காட்டினா நம்பிக்கை இன்னும் இறுகிடும்னு ஒரு பேச்சு உண்டு. பெருசா சோதிச்சப்போ அது அரிதாத்தான் தெரிஞ்சுது. 2024-ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வுல, ஒருத்தர் தன் நம்பிக்கைக்கு என்ன காரணம் சொல்றாரோ அந்தக் காரணத்துக்கே குறிப்பா ஒரு செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லுச்சு. நம்பிக்கை சராசரியா 20 சதவீதம் குறைஞ்சுது, ரெண்டு மாசம் கழிச்சும் நின்னுச்சு. 20 தான், 100 இல்ல. பொதுவான அறிவுரைக்கு வேலை இல்லங்கறதுதான் நான் அதுல எடுத்துக்கிட்டது.

கடைசியா நேரம். முடிவு வந்தப்புறம் எல்லாருக்கும் கொதிப்பு. எண்ணிக்கைக்கு ஒரு வாரம் முன்னாடியே "எந்தத் தாள், எந்த எண் வந்தா முடிவை ஏத்துப்பீங்க?"ன்னு எல்லாக் கட்சிக்காரங்களையும் எழுத வச்சு பின் பண்ணி வைங்க. ஓட்டுப் பதிவு அன்னிக்கு "ஒண்ணை அமுக்கினா வேற சின்னம் வருது" வீடியோ வரும், நிச்சயம் வரும். அதுக்கான வழி பூத்துக்குள்ளயே இருக்கு: விவிபேட் கண்ணாடியில சீட்டு 7 வினாடி தெரியும். தப்பா இருந்தா விதி 49எம்ஏ-படி எழுதிக் கொடுத்து, ஏஜென்ட்டுங்க முன்னாடி சோதனை ஓட்டு போடலாம். பொய்யா எழுதிக் கொடுத்தா தண்டனை உண்டு. வீடியோ போட்டவர் அதைச் செஞ்சாரான்னு முதல்ல கேளுங்க.

கொருக்குப்பேட்டை_கேட்:

நன்றி எல்லாருக்கும். ஒருத்தர் படிவம் 20-ஐ எடுத்துட்டே வந்துட்டார். "மிஷின்ல பதிவானது ஒரு எண், எண்ணினது வேற எண், இதோ பார்"ன்னு சொல்றார். இதுக்கு என்ன பண்ண?

பழைய_பூத்_ஏஜென்ட்:

நல்ல விஷயம்தானே, காகிதத்துக்கு வந்துட்டாரு. மூணு இடம் பாருங்க. ஒண்ணு, தபால் ஓட்டு. படிவம் 20-ல பூத் வரிசை முடிஞ்சு கீழ தனி வரியில இருக்கும். அதைச் சேர்த்த மொத்தத்தை மிஷின் மொத்தத்தோட ஒப்பிட்டா இடிக்கத்தான் செய்யும். ரெண்டு, நான் மேல சொன்ன மாதிரி சி.ஆர்.சி. தகராறுல எடுத்து வச்ச பூத் இருந்தா எண்ணினது குறையும். மூணு, அவர் பார்க்கிற வரியே தப்பா இருக்கலாம். நம்ம பக்கம் ஒரே மாநகராட்சிப் பள்ளியில நாலஞ்சு பூத் இருக்கும், பள்ளிக்கூடம் பேரை வச்சுத் தேடினா பக்கத்து பூத் எண்ணை எடுத்துடுவாங்க. வாக்குச்சாவடி நம்பரை வச்சுத்தான் பொருத்தணும்.

மூணும் பார்த்தும் இடிச்சுதுன்னா பூத் நம்பரை இங்க போடுங்க. எல்லாக் கட்சி ஏஜென்ட் நகலையும் கேட்டு வாங்கிப் பார்த்துடலாம்.